நாம் சைடு பார்த்த தெருக்கள்

தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மெத்தை தைக்கிற கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. நேற்று பாலக்கோட்டு பஸ்ஸைப் பிடிக்க அந்த வழியாக நடந்தபோது பஞ்சு அடிக்கும் மிஷினை ஓடவிட்டிருந்தார்கள். காதுக்குச் சத்தம் வருவதற்கு முன்னால் மூக்குக்கு வாசனை வந்துவிட்டது. சூடேறிய எண்ணெயும் பஞ்சும் கலந்த, நம் மில்லின் அதே வாசனை. என் முந்தானை தானாக மூக்குக்குப் போனது. கடையில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "தள்ளி நில்லுங்கக்கா, மேலெல்லாம் பஞ்சு ஒட்டிக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்கு இனிமேல்தான் ஒட்ட வேண்டுமா? சிரிக்கப் போய் இருமிவிட்டேன். இருமல் எனக்கும் கொஞ்சம் உண்டு, உனக்குத்தான் தெரியுமே.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு பார்த்தால் ரவிக்கைக் கையில் ஒரு துணுக்குப் பஞ்சு. தட்டிவிட்டேன். பஞ்சின் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. ஆனால் பாலக்கோடு வந்து சேரும்வரை உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற அந்தத் தெருவே நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லி முடிக்கத்தான் இதை எழுதுகிறேன். நீ இருந்தால், "சுத்தி வளைக்காத, தெருவுக்கு வா" என்பாய். வருகிறேன். வழியில் மற்ற தெருக்களும் இருக்கின்றன அல்லவா?

நாம் முதலில் சேர்ந்து வாழ்ந்த ஊரின் தெருக்களைத்தான் நாம் பார்த்ததே இல்லை. பத்தாவது முடித்த கையோடு நம் பக்கத்துப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று வருஷம் நூல் மில்லில் வேலை செய்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொன்னார்கள். நீ பாப்பாரப்பட்டிப் பக்கம், நான் அடுத்த ஊர். வேனில் ஒரே சீட்டில் உட்கார்ந்ததில் சினேகிதமானோம். வேனுக்குத் திரை போட்டிருந்தது. கேட்டுக்குள் போய்த்தான் இறக்கினார்கள். மில்லும் உள்ளே, விடுதியும் உள்ளே, சாப்பாடும் உள்ளே. மாதத்தில் ஒரு ஞாயிறு வார்டன் நம்மை வரிசையாகக் கூட்டிப்போய் எதிர்க்கடையில் சோப்பும் ரிப்பனும் வாங்கவிட்டு வரிசையாகக் கூட்டி வருவார். அந்த ஊரின் பெயரை அப்புறம் நாம் வாய்விட்டுச் சொன்னதில்லை. மில்லூரு என்போம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஊர் நமக்குச் சத்தமாகவும் வாசனையாகவும்தான் வந்தது. சினிமாக் கொட்டகைப் பாட்டு ஒரு பக்கத்துச் சுவரைத் தாண்டி வரும். இன்னொரு பக்கம் வறுத்த கடலை வாசனை. "கடலக்காரன் இருக்கிற தெருவுல பெரிய பெரிய வூடா இருக்கும்டி, மாடி வெச்சி" என்று நீ சொல்வாய். கொட்டகைத் தெரு குறுகலானது என்பதும் உன் முடிவுதான். மிஷின் சத்தத்தில் இதையெல்லாம் குரலெடுத்துப் பேச முடியாது. உதட்டை மட்டும் அசைப்பாய், நான் படித்துக்கொள்வேன். வார்டன் எதிரிலேயே வார்டனைத் திட்டிய பெருமை நமக்கு உண்டு.

வேலைக்கு 'சைடு பார்ப்பது' என்று பெயர். எதிரெதிராக இரண்டு நீள மிஷின், நடுவே ஒரு சந்து. சந்தின் கடைசிவரை போகும்போது ஒரு வரிசை, திரும்பும்போது எதிர் வரிசை. நூல் சுற்றுகிற பாபின்களில் எதில் அறுந்திருக்கிறதோ அங்கே நின்று பிணைத்துவிட்டு நடக்க வேண்டும். நாளெல்லாம் நடைதான். சுவரில் ஒரு ஜன்னல் இல்லை. பகலா மழையா என்று ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால்தான் தெரியும். டியூப் லைட் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசு பறந்துகொண்டே இருக்கும். வாயில் கட்டத் துணி கொடுத்தார்கள். கட்டினால் மூச்சு முட்டும், கட்டாவிட்டால் பஞ்சு போகும். நீ கட்ட மாட்டாய். கட்டினால் உன்னால் பேச முடியாதே.

அப்புறம் நடந்தது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தொகை வந்தது. அதில் உனக்கு நகை செய்தார்கள், சீருக்கு ஒரு இரும்பு பீரோ வாங்கினார்கள். புகுந்த வீட்டில் உனக்கு இருமல்காரி என்று பெயர் வைத்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் பீரோவோடு அனுப்பிவிட்டார்கள். பீரோவில் ஒரு கீறல் விழவில்லை என்று உன் தம்பி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டு நீ சிரித்தாய். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. டாக்டர்கள் வீசிங் என்று எழுதினார்கள், அலர்ஜி என்று எழுதினார்கள். பூனை வளர்க்கிறாயா என்று கேட்டவர்கூட உண்டு. பாலக்கோட்டில் மருந்துக் கடையில் பில் போடுகிறவள் நான். எத்தனையோ சீட்டு பார்த்திருக்கிறேன், எங்கே வேலை செய்தாய் என்று கேட்டு எழுதிய சீட்டு ஒன்றுகூடப் பார்த்ததில்லை. சேலத்தில் ஒரு பெண் டாக்டர்தான் கேட்டார். நீ சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நுரையீரலில் போனது போனதுதான், இருக்கிறதை வைத்து ஓட்ட வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் நீ சொன்னது இதுதான்: "அப்ப நடக்க முடியறப்பவே ஊரு பாத்துருவோம்டி. வா."

எந்த ஊர் என்று கேட்டதற்கு, தெரு இருக்கிற ஊர் என்றாய். திரும்பி வந்தபின் நீ தைத்துப் பிழைத்த தையல் மிஷினுக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரில் தரங்கம்பாடி இருந்தது, முதலில் அங்கே போனோம். என் வீட்டுக்காரர், "கோயில் கொளத்துக்குப் போறவங்களப் பாத்திருக்கேன், ஒகேனக்கல்லு போயி மீன் திங்கறவங்களப் பாத்திருக்கேன், செவுரு பாக்க பஸ் ஏறிப் போறவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்றார். சொன்னாரே தவிர இட்லி கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

வெள்ளையடித்த கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் தெரு நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது. எல்லாரும் நேரே கடலுக்குப் போனார்கள். நாம் சைடு பார்த்தோம். போகும்போது ஒரு வரிசை, கடைசியில் கடலை ஒரு பார்வை, திரும்பும்போது எதிர் வரிசை. பழக்கத்தைக் கால் விடவில்லை. சர்ச்சுகள், தூண் வைத்த முகப்புகள், பலகைகளைச் சாய்த்து அடுக்கிய ஜன்னல்கள். இடிந்துபோய் வெறும் மனையாகக் கிடந்த இடம் வந்ததும் நின்று, "இங்க அறுந்துருக்கு பாரு" என்றாய். அன்றிலிருந்து எந்த ஊரிலும் தெருவில் வீடு விழுந்த இடம் நமக்கு அறுந்த இடம்தான். மற்றவர்கள் கதவைப் பார்ப்பார்கள், தூணைப் பார்ப்பார்கள். நீ முதலில் மேலே பார்ப்பாய். கூரைக்குக் கீழே சுவரில் விட்ட துவாரம், ஜன்னலுக்கு மேலே கலர் கண்ணாடி வைத்த காற்றுத் திறப்பு, முற்றத்து வானம். "காத்து எங்க பூந்து எங்க போவுது" என்பதுதான் உன் கேள்வி. பிடித்துவிட்டால், "இந்த வூடு நல்லா மூச்சு வுடுது" என்பாய். பிடிக்காத வீட்டுக்கு, "இதுக்கும் வீசிங்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவாய்.

ஒரே தெருவில் மேலும் கீழுமாக நாம் நடப்பதை சைக்கிள்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னம்மா தேடுறீங்க?" என்று கேட்டார். நீ சும்மா இருக்காமல், "வூடு பாக்கறமுங்க" என்றாய். அவர் நம்மை வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் என்று எடுத்துக்கொண்டு ஒரு மாடி வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாவியும் வாங்கிக் கொடுத்துவிட்டார். நான் உன் கையைக் கிள்ளுகிறேன், நீ கண்டுகொள்ளவே இல்லை. மாடியில் எல்லா ஜன்னலையும் திறக்கச் சொன்னாய். கடற்காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போனது. உன் சேலைத் தலைப்பு நிலைகொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாய், அன்றைக்கு உன் நெஞ்சில் விசில் சத்தம் இல்லை. "இங்கியே இருந்துக்கலாமாடி?" என்றாய். நீ விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இறங்கி வந்து, என் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று சைக்கிள்காரரிடம் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம்.

பரங்கிப்பேட்டைக்குப் போனோம், நாகப்பட்டினம் போனோம், கடலூரில் பழைய டவுன் போனோம். ஒவ்வொரு ஊரிலும் உன் நடை கொஞ்சம் குறைந்தது. பரங்கிப்பேட்டையில் தெருக்கோடியில் நின்றாய். நாகப்பட்டினத்தில் நடுத்தெருவில் நின்றாய். கடலூரில் நாலு வீட்டுக்கு ஒருமுறை நின்றாய். நிற்பதை மறைக்க எதிர்ச்சுவரைக் காட்டி ஏதாவது பேசுவாய். துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கிடங்கின் சுவர் கனத்தைப் பற்றி நீ அவ்வளவு நேரம் பேசியது மூச்சு வாங்கத்தான் என்று தெரிந்தும், நானும் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்து, "ஆமாடி, என்னா கனம்" என்றேன்.

மில்லூருக்குப் போக வேண்டும் என்று நீதான் சொன்னாய். எனக்கு இஷ்டமில்லை. "அங்க மூணு வருசம் இருந்துட்டு அந்தத் தெருவப் பாக்காம செத்தா, ஊரே இல்லாத எடத்துல இருந்த மாதிரி ஆயிரும்டி" என்றாய். போனோம்.

ஊர் நாம் மனசில் கட்டிவைத்ததுபோல் இல்லை. கடலை வாசனை வந்தது பெரிய வீட்டுத் தெருவிலிருந்து இல்லை, தண்டவாளத்தை ஒட்டிய சந்திலிருந்து. கொட்டகைத் தெரு நல்ல அகலம். கொட்டகை கல்யாண மண்டபமாகியிருந்தது. வியாபாரிகள் தெருவில் மாடிக் கைப்பிடிச் சுவர்களில் சிங்கமும் மயிலும் உட்கார்ந்திருந்தன, வீடு கட்டிய வருஷம் சுதையில் எழுதியிருந்தது. வளைந்த முகப்பு வைத்த பங்களாக்கள், இரும்புப் பூவேலை செய்த பால்கனிகள், கலர் கண்ணாடி. எல்லாம் பஞ்சில் வந்த அழகு. அந்தக் காலத்துத் தொழிலாளிகளுக்குக் கட்டின லைன் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன. "அழகாத்தான்டி இருக்குது" என்று நீ குறை சொல்வதுபோலச் சொன்னாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அழகாக இருந்ததுதான் கோபமாக வந்தது.

கடைசியாக மில்லின் பக்கத்துச் சுவர் வந்தது. ஒரு தெரு நீளத்துக்கு ஒரே செங்கல் சுவர். நீ வழக்கம்போல மேலே பார்த்தாய். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாய். மூச்சு வாங்குகிறாய் என்று நினைத்து நான் ஏதோ பேச ஆரம்பித்தேன், கையைத் தூக்கி நிறுத்தினாய். அந்தச் சுவர் முழுக்க ஜன்னல்கள். உயரமாக, மேலே வளைவு வைத்து, வரிசையாக ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு நிறத்துச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். நாம் மூன்று வருஷம் அந்தச் சுவரை உள்பக்கமிருந்து பார்த்தோம். உள்ளே வழவழவென்று பூசி வெள்ளையடித்திருக்கும்.

எதிரே டீக்கடைக்காரர் வயதானவர். நீ கேட்டதற்குச் சொன்னார்: "அதெல்லாம் தொறந்து கெடந்த ஜன்னலுதாம்மா. புது மிஷின் எறக்குனப்ப அடைச்சாங்க. வெளிக்காத்து வந்தா உள்ள ஈரப்பதம் நிக்காது, நூலு அறுந்து போகுமாம்."

நூல் அறுந்துபோகும். அதைக் கேட்டு நீ தலையை ஆட்டினாய், வேலை தெரிந்தவள் அல்லவா, அது சரியான காரணம்தான் என்று உனக்குத் தெரியும். தெருவைக் கடந்துபோய் ஒரு ஜன்னலின் கீழ் விளிம்பில் கை வைத்தாய். எனக்கு அழுகையாக வந்தது. நீ அழவில்லை. "செவுரு கட்டுனவன் ஜன்னலு வெச்சுத்தான்டி கட்டியிருக்கான்" என்றாய். "அவன் மனுசன்." அப்புறம் இருமல் வந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் இருமினாய். அதற்குப் பிறகு நாம் எந்த ஊருக்கும் போகவில்லை.

உன் தம்பி வீட்டில் உனக்கு ஒதுக்கிய அறையில் ஒரே ஒரு ஜன்னல்தான் இருந்தது. அதை மறைத்து உன் சீர் பீரோ நின்றது. ஆக்சிஜன் மிஷின் வந்த அன்றைக்கு நான் தம்பியிடம் சொன்னேன்: "இதக் கொஞ்சம் நகுத்துடா, வெளியவாவது பாக்கட்டும்."

"அத வேற எங்கக்கா வெக்கறது? எடமே இல்லியே. அதான் மிஷினுல காத்து வருதில்ல?"

அவன் கெட்டவன் இல்லை. தக்காளி விலை விழுந்து, தோட்டத்திலேயே பழத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். ஆனாலும் நான் விடவில்லை. இரண்டு பேருமாகப் பீரோவைத் தள்ளிக் கதவு ஓரத்தில் வைத்தோம். அதற்கப்புறம் அந்த அறைக்குள் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. ஜன்னலைத் திறந்தால் உங்கள் தெரு. சிமென்ட் ரோடு, தண்ணி டேங்க், அடுக்கி வைத்த தக்காளிக் கூடைகள். "பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்று உதட்டை அசைத்தாய், சிரித்தாய். குரலுக்கு மூச்சு மிச்சமில்லாத காலம் அது. மறுபடி மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, மறுபடி நான் உன் உதட்டைப் படித்தேன்.

"நீ போயி சைடு பாத்துட்டு வந்து சொல்லு" என்றாய்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பாப்பாரப்பட்டிக் கடைவீதியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். பாலக்கோட்டில் சந்தைக்குப் பின்னால் ஓட்டு வீடுகள் மிஞ்சியிருக்கிற தெருவைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். "மேல பாத்தியா?" என்று நடுவில் கேட்பாய். ஒருமுறை சோம்பல்பட்டு, தர்மபுரியில் ஒரு தெருவுக்குப் பாதிதூரம் போய்விட்டு மீதியை நானாகக் கட்டிச் சொன்னேன். "எதிர் வரிசையில எல்லா வூட்டுக்கும் ஒரே மாதிரி ஜன்னலாடி?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாய். மறுவாரம் போய் மீதியையும் நடந்துவிட்டு வந்தேன்.

நீ போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வந்தபோது உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். மிஷின் நின்றிருந்ததால் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. சாயங்காலம் தூக்கினார்கள். நம் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருக்கோடிவரை கூடப் போய்விட்டுத் திரும்ப வேண்டும். உன் பின்னால் அழுதுகொண்டே நடந்தேன். நடந்தவள் ஒரு வரிசை வீடுகளைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். தெருக்கோடியில் மற்றவர்களோடு திரும்பியபோது என் கண் தானாக எதிர் வரிசைக்குப் போனது. அப்போதுதான் தெரிந்தது. உங்கள் தெருவை நாம் ஒருநாளும் சைடு பார்த்ததில்லை.

அதுதான் நான் சொல்லாமல் வைத்திருக்கிற தெரு. இப்போது சொல்கிறேன், கேள்.

போகும்போது முதலில் இரண்டு ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே கைப்பிடி அகலம் இடைவெளி, காற்று நன்றாகப் போகிறது. அடுத்தது அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடு. சிமென்ட் ஜாலிக்குள் குருவி கூடு கட்டியிருக்கிறது. அப்புறம் ஒரு காலி மனை, அங்கே தெரு அறுந்திருக்கிறது. ஒரு வேப்பமரம். மாட்டுக் கொட்டாய், அதுதான் அந்த வரிசையிலேயே நன்றாக மூச்சு விடுகிறது. கோடியில் தண்ணி டேங்க். திரும்பும்போது முதல் வீடு புது வீடு, ஏசிக்கு ஓட்டை விட்டிருக்கிறார்கள், ஜன்னலெல்லாம் கறுப்புக் கண்ணாடி, வீசிங். அடுத்தது கன்னடம் பேசுகிற குடும்பம், வாசல் கதவும் கொல்லைக் கதவும் நேருக்கு நேர். அவர்கள் வீட்டு வழியாகப் பின்னால் உள்ள தோட்டம் தெரிகிறது, உனக்குப் பிடித்திருக்கும். அப்புறம் பலசரக்குக் கடை. கடைசி வீடு உங்களுடையது.

மேலே பார்த்தேன். அப்புறம் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் கம்பிகளுக்குள் உன் பீரோவின் முதுகு தெரிந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார இடம் வேண்டும் என்று அதைப் பழையபடி தள்ளி வைத்திருந்தார்கள். நான் தெருவிலேயே நின்று உன் சித்தப்பாவிடம் கேட்டேன், இதை ஏன் மறுபடி இங்கே வைத்தீர்கள் என்று. அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "இனிமே அங்க யாரும்மா இருக்கா, காத்து வாங்க?" என்றார்.

இப்போதும் தெருவில் நடக்கும்போது நாலு வீட்டுக்கு ஒருமுறை நிற்கிறேன். எனக்கு அவ்வளவு மூச்சு வாங்குவதில்லை, கால் நின்றுவிடுகிறது. எங்கெங்கே அறுந்திருக்கிறது என்று கடைசியில் கேட்பாயே. உங்கள் தெருவில் இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறதடி. ஒன்று அந்தக் காலி மனை. இன்னொன்று கடைசி வீடு. அங்கே வெகுநேரம் நின்று பார்த்தேன். பிணைக்க முடியவில்லை.